முழங்கால் உயரத்தில் அணையும் விளக்கு

செப்டம்பர் 24, செவ்வாய்

டாக்டர் சொன்னபடி நோட்டு வாங்கியாயிற்று. பயம் வரும்போதெல்லாம் தேதி, இடம், எவ்வளவு நேரம், அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுத வேண்டுமாம். ஒரு மாதம் கழித்துக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். "மனசுலயே வெச்சிருந்தா பெரிசாத் தெரியும் ஒலிவா, தாள்ல எழுதினா அதோட அளவு தெரிஞ்சிடும்" என்றார். நாற்பத்தாறு வயதில் எனக்கு வீட்டுப்பாடம்.

இதுவரை என்னைப் பயமுறுத்தியவை: பக்கத்து நகரமான அராண்டாவில் டாக்டரின் கட்டடத்து லிஃப்ட், நெடுஞ்சாலையில் பக்கத்தில் வரும் லாரி, பல் டாக்டரின் நாற்காலி, எங்கள் நிலவறை. முதல் மூன்றையும் தவிர்த்துவிடலாம். நான்காவது என் பிழைப்பு. வாரத்தில் நான்கு நாள் வெளியூர்க்காரர்களை முப்பத்தெட்டுப் படி இறக்கிக் கூட்டிப்போய், எங்கள் ஒயினைச் சுவைக்கக் கொடுத்து, கதை சொல்லி மேலே கூட்டிவர வேண்டும். சிரித்த முகமாக.

காலையில் ஒரு மாத்திரை. தேவைப்பட்டால் இன்னொன்று.

செப்டம்பர் 28, சனி

வயாதோலித்திலிருந்து எட்டுப் பேர். பயம் வரவில்லை. எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்றும் எழுத வேண்டுமா? தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

வழக்கம்போல மெழுகுவர்த்தியோடு முன்னால் இறங்கினேன். வழக்கம்போல பதினெட்டாவது படியில் மின்விசிறியின் காற்று பட்டு அது அணைந்தது. வழக்கம்போல அபிலியோ, "என் பொண்டாட்டி போன நூற்றாண்டுலயே தங்கிட்டா, மன்னிச்சுக்குங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவனுக்கு என்னை வைத்துச் சிரிக்கவைப்பது கைவந்த கலை. இரண்டு வருடம் முன்பு நிலவறைக் காற்றோட்டத்துக்காக அவன்தான் அந்த மின்விசிறியைப் பொருத்தினான். அன்றிலிருந்து மெழுகுவர்த்தி அணைந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சுற்றின் முடிவில் கடைசி அறை. அங்கே சுவரோரமாக இருக்கும் கடைசிப் பீப்பாயிலிருந்து நேராகக் கோப்பையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். இது என் நாத்தனார் மரிக்ரூஸின் யோசனை. முன்பதிவெல்லாம் அவள் கையில். "பாட்டில்ல குடிக்க எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்? பீப்பாய்லேருந்து குடிச்சாதான் ஊருக்குப் போய்ச் சொல்லுவாங்க." உண்மைதான், சொல்கிறார்கள். குழாய் என் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பைக்கும் குனிய வேண்டும், அவ்வளவுதான் கஷ்டம்.

அக்டோபர் 3, வியாழன்

பக்கத்து நிலவறை எலாடியோ இன்று திராட்சையை இறக்கிவிட்டார். பதினைந்து வருடம் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பழத்தை விற்றவர், இந்த வருடம் பழைய முறையில் தானே ஒயின் போடப்போகிறாராம். காலால் மிதித்து, சாற்றைக் கல் வாய்க்கால் வழியாகக் கீழே நிலவறைத் தொட்டியில் விட்டு, அங்கேயே தானாக நொதித்துக் கொதிக்கவிடுவது. அவர் மகள் வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

தெரு முழுக்கச் சாற்று வாசனை. எல்லோருக்கும் அது திருவிழா வாசனை. நான் ஜன்னல்களைச் சாத்தினேன்.

டாக்டர், நீங்கள் படிக்கப்போவதால் ஒரே ஒரு முறை எழுதுகிறேன். சாறு கொதிக்கும்போது ஒரு காற்று கிளம்பும். துஃபோ என்போம். நிறமில்லை, அதில் விளக்கு எரியாது, ஆளும் பிழைக்கமாட்டான். கனமானது, தண்ணீர் மாதிரித் தாழ்வில் தேங்கும். எனக்குப் பன்னிரண்டு வயதில், எங்கள் ஊரில் சித்தப்பா தொட்டியைக் கிளறப் போய் விழுந்தார். அவரைத் தூக்க அப்பா இறங்கினார். அம்மா மேலே நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்றாள். இரண்டு பேரையும் ஒரே வண்டியில் கொண்டுபோனார்கள். அப்பாவை யாரும் பிடித்து நிறுத்தவில்லை.

போதும். இதற்கு மேல் இதை எழுதமாட்டேன்.

அக்டோபர் 5, சனி

இடம்: கடைசி அறை. நேரம்: பகல் பன்னிரண்டே கால். எவ்வளவு நேரம்: பத்து நிமிடம் இருக்கும். என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்: ஒன்றுமில்லை. சத்தியமாக ஒன்றுமில்லை. மத்தியானத்துக்குப் பருப்பு ஊறவைத்தேனா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது கோப்பைக்குக் குனிந்தபோது நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை. நெற்றி வியர்த்தது. நிமிர்ந்ததும் கொஞ்சம் தேவலை, குனிந்தால் மறுபடியும். மத்ரித்திலிருந்து வந்த ஒரு பெண்மணி, பீப்பாய் வாயருகே குனிந்து வாசனை பார்த்தவள், "தலை வலிக்குதே, உங்க ஒயின் பலமான ஒயின்" என்று சிரித்தாள். அவள் அப்போது ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

இதை எழுதிய பிறகுதான் கவனிக்கிறேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

அபிலியோவிடம் சொன்னேன். காப்பியில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"எலாடியோ சாறு கொதிக்குது. நம்ம கடைசி அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர் தொட்டி."

"சுவருக்கு அந்தப் பக்கம்னு நீயே சொல்ற. துஃபோ என்ன புனிதரா, சுவரைத் தாண்டி வர?"

"அந்தக் காலத்துல அங்க வழி இருந்துச்சு. உங்க தாத்தாதான் கல்லை அடுக்கி மூடினார். சாந்து பூசாத கல்லு."

"ஒலிவா, நம்ம சாறு ஊருக்கு வெளிய கொட்டகையில கொதிக்குது. கீழ பீப்பாய்ங்க தூங்குது. மேல மின்விசிறி ஓடுது. இதுக்கு மேல நான் என்ன செய்ய? மாத்திரை போட்டியா?"

போட்டேன் என்றேன். அன்பாகத்தான் கேட்டான். அதுதான் எரிச்சல்.

அக்டோபர் 7, திங்கள்

இரண்டு மாத்திரை.

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று வேண்டுமென்றே அராண்டா போய் அந்த லிஃப்டில் ஏறினேன். ஐந்து மாடி மேலே, ஐந்து மாடி கீழே. பயம் வந்தது. ஆனால் வேறு மாதிரி வந்தது. முதலில் நினைப்பு வந்தது, கயிறு அறுந்தால் என்று. அப்புறம்தான் நெஞ்சு அடித்தது.

நிலவறையில் நெஞ்சுதான் முதலில் அடித்தது. நினைப்பு அப்புறம்.

இதை யாரிடம் சொல்ல முடியும்? என் பயங்களை நான் ஒயின் மாதிரிச் சுவைத்துப் பிரிக்கிறேன் என்றா?

அக்டோபர் 9, புதன்

எலாடியோ வீட்டுக்குப் போனேன். முழங்கை வரை கறையோடு வந்தார்.

"உங்க பக்கம் துஃபோ இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லாம? நாலாயிரம் லிட்டர் கொதிக்குது. தொட்டிக்குப் பத்தடி முன்னாலயே விளக்கு அணையுது. நான் காலைல மேல திறப்பையெல்லாம் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுதான் இறங்கறேன். பயப்படாத பொண்ணே, எனக்குத் தெரியாததா?"

"எங்க பக்கம் வருமா?"

அவர் சிரிக்கவில்லை. தாடையைச் சொறிந்தார். "உங்க பக்கம் சுவர் இருக்கே" என்றார். கொஞ்சம் கழித்து, "இருக்குல்ல?" என்றார்.

அக்டோபர் 10, வியாழன்

செய்துவிட்டேன். கண்ணாடிக் கூண்டு வைத்த பழைய எண்ணெய் விளக்கு ஒன்று கொட்டகையில் கிடந்தது. கூண்டுக்குள் இருந்தால் மின்விசிறிக் காற்று தொடாது. காலையில் யாரும் இல்லாதபோது தனியாக இறங்கினேன். படியெல்லாம் சுடர் ஆடாமல் எரிந்தது. கடைசி அறையில் நெஞ்சு உயரத்தில் பிடித்தேன், எரிந்தது. இடுப்புக்கு இறக்கினேன், மஞ்சளாகிச் சுருங்கியது. முழங்காலுக்கு இறக்கினேன். யாரோ விரலால் நசுக்கின மாதிரி அணைந்தது.

ஓடி வந்தேன். முப்பத்தெட்டுப் படியையும் எப்படி ஏறினேன் என்று தெரியாது.

அபிலியோ விளக்கைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தான். "எண்ணெய் பாதிகூட இல்ல. திரி எரிஞ்சு முடிஞ்சிருக்கும்."

மரிக்ரூஸ் வெளிப்படையாகவே சொன்னாள். "சனிக்கிழமை பில்பாவோலேருந்து பதினாறு பேர் வர்றாங்க. பெரிய லீவு. அதுல ஒருத்தர் சுற்றுலாப் படம் எடுக்கறவர், கேமராவோட வர்றார். அவங்ககிட்ட என்ன சொல்ல, எங்க வீட்டு மருமகளோட விளக்கு அணைஞ்சிடுச்சுன்னா? உனக்கு உடம்பு சரியில்லன்னா வீட்டுல இரு. நானே கூட்டிட்டுப் போறேன்."

வீட்டில் இருந்துவிடலாம். ஆசையாக இருந்தது. அப்படி ஆசைப்பட்டதற்காக என்மேலேயே வெறுப்பு வந்தது.

அக்டோபர் 11, வெள்ளி

நாளைக்குப் பதினாறு பேர். அதில் ஒருத்தி ஆறு மாதக் கர்ப்பிணியாம், குடிக்கமாட்டாளாம், வாசனை மட்டும் பார்ப்பாளாம்.

வாசனை மட்டும். குனிந்து.

அக்டோபர் 13, ஞாயிறு. பர்கோஸ் ஆஸ்பத்திரி

உயிரோடு இருக்கிறான். முதலில் இதை எழுதிவிடுகிறேன். மூச்சுக்கு இயந்திரம் வைத்திருக்கிறார்கள், தூங்கவைத்திருக்கிறார்கள், ஆனால் உயிரோடு இருக்கிறான்.

எழுத்து கோணலா வருது. பரவாயில்ல.

நேற்றுக் காலை பதினோரு மணி. கண்ணாடி விளக்கில் எண்ணெயை முழுக்க நிரப்பி, புதுத் திரி போட்டு, கூட்டத்துக்கு முன்னால் நான் மட்டும் இறங்கினேன். ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றியது, என்னவென்று புரியவில்லை. இருபத்தைந்தாவது படியில், நெஞ்சு உயரத்தில், சுடர் அணைந்தது. நெஞ்சு உயரத்தில். அப்போதுதான் என்ன குறைகிறது என்று புரிந்தது. சத்தம். மின்விசிறி ஓடவில்லை. படத்தில் இரைச்சல் விழும் என்று மரிக்ரூஸ் காலையிலேயே அதை நிறுத்திவிட்டிருந்தாள்.

மேலே வந்து, "இன்னிக்கு யாரும் கீழ போகல" என்றேன். பதினாறு பேரும் என்னைப் பார்த்தார்கள். மரிக்ரூஸ் சிரித்தாள், கழுத்தெல்லாம் சிவந்துபோய். அபிலியோ என்னைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்து, "எங்க வீட்டுல வானிலை அறிக்கை இவதான்" என்றான். "நீங்க இங்கேயே இருங்க. நான் போய் ஒரு ஜாடி பிடிச்சிட்டு வர்றேன். உயிரோட வந்தா குடிக்கலாம்."

சிரித்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க.

கையைப் பிடித்தேன், உதறினான். இறங்கிக்கொண்டே பேசினான். "பத்தாவது படி, சௌக்கியம். இருபதாவது படி, சௌக்கியம்." மேலே கைதட்டினார்கள். முப்பதாவது படி என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. ஜாடி உடையும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மரிக்ரூஸ் பாய்ந்தாள். நான் நிலவறை வாசலின் கம்பிக் கதவை இழுத்து மூடி அதில் முதுகை வைத்து நின்றேன். அடித்தாள். முகத்தில் அடித்தாள், முடியைப் பிடித்து இழுத்தாள். "என் தம்பிடீ, என் தம்பி கீழ கிடக்கான், விடுடீ." பில்பாவோக்காரர்களில் ஒருத்தர், வாட்டசாட்டமானவர், அவரும் வந்தார். அவரையும் விடவில்லை. "இறங்கினா நீங்களும் விழுவீங்க" என்று சொன்னேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. யாரோ மின்விசிறியைப் போட்டார்கள், போடச் சொல்லி நான்தான் கத்தினேனாம். யாரோ அவசர எண்ணுக்குப் போன் செய்தார்கள். அராண்டாவிலிருந்து தீயணைப்பு வண்டி வர இருபத்தைந்து நிமிடம் என்றார்கள்.

பீப்பாய் கழுவும் நீளக் கழியின் நுனியில் விளக்கைக் கட்டி, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, படிவழியே இறக்கினேன். அணைந்தது. இழுத்து, ஏற்றி, மறுபடியும் இறக்கினேன். அணைந்தது. தீக்குச்சியைக் கர்ப்பிணிப் பெண்தான் கிழித்துக் கொடுத்தாள். மூன்றாவது தடவை சுருங்கியது, மஞ்சளானது, நின்றது. எரிந்துகொண்டே இருந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறுநுனியை அந்த வாட்டசாட்டமானவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். விளக்கை முன்னால் நீட்டிக்கொண்டே. அவன் முப்பதாவது படியிலேயே, தலை மேல்பக்கமாக விழுந்திருந்தான். அதனால்தான் பிழைத்தான் என்கிறார்கள். என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவன் கக்கத்தில் கோத்துக் கட்டினேன். எட்டுப் பேர் இழுத்தார்கள்.

கேமரா முழுக்க ஓடிக்கொண்டிருந்ததாம். ஜாடி உடைந்ததிலிருந்து நான் முதல் படியில் கால் வைத்தது வரை ஏழு நிமிடம் இருபது விநாடி.

தீயணைப்பு அதிகாரி என்னிடம், "விளக்கு எரியுதுன்னா பத்திரம்னு அர்த்தமில்லம்மா. நீங்க இறங்கினதும் தப்புதான். இன்னும் காத்திருக்கணும்" என்றார்.

மரிக்ரூஸ் இங்கேதான் வராந்தாவில் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தடவைதான் பேசினாள். "அவன் கீழ கிடந்தான். நீ விளக்கைப் பாத்துக்கிட்டு நின்னே."

அக்டோபர் 14, திங்கள்

இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறான். கண் திறக்கவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டம் தெரிந்து நின்றேனா, பயந்து நின்றேனா?

இரண்டாவது ஆள் இறங்கக் கூடாது என்பது இந்தப் பக்கத்து ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் இறங்குகிறார்கள். என் அப்பாவுக்குத் தெரியாதா? பிடித்தமானவன் கீழே கிடந்தால் கால் தானாக இறங்கிவிடும். என் கால் ஏன் இறங்கவில்லை? மரிக்ரூஸின் கால் இறங்கியதே. எனக்கு அவன்மேல் அவ்வளவு பிரியம் இல்லையோ. லிஃப்டில் நிற்கமுடியாத, லாரிக்கு நடுங்கும் ஒருத்தி கதவில் நின்றாள் என்றால் அதற்கு என்ன பெயர் வைக்க?

ஏழு நிமிஷம். அடுப்புல பால் வெச்சா பொங்கிடும்.

அக்டோபர் 17, வியாழன்

பேசினான். முதலில் தண்ணீர் கேட்டான். அப்புறம் தேதி கேட்டான். நர்ஸ் வெளியே போனதும் என் பக்கம் திரும்பினான். குரல் மணலில் இழுத்த மாதிரி இருந்தது.

"நீ ஏன் வரல?"

விழுந்த பிறகு கொஞ்ச நேரம் அவனுக்கு நினைவு இருந்திருக்கிறது. கால் அசையவில்லை, ஆனால் மேலே சத்தம் கேட்டிருக்கிறது. அக்கா கத்துவது கேட்டிருக்கிறது. என் குரலைத் தேடியிருக்கிறான். கேட்கவில்லையாம்.

"வந்திருந்தா ரெண்டு பேர் கிடந்திருப்போம்" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கற?"

"தெரியும். ஆனா கேக்கணும்போல இருந்துச்சு."

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திரும்பி வந்தபோது தூங்கியிருந்தான். கை மட்டும் போர்வைக்கு மேலே விரிந்து கிடந்தது, பிடித்துக்கொண்டேன். விலக்கவில்லை. தூக்கத்தில் இருப்பவன் விலக்குவானா என்ன.

அக்டோபர் 22, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். சில வார்த்தைகள் அவனுக்குத் தாமதமாக வருகின்றன. உப்பைக் காட்டி "அது, வெள்ளையா" என்கிறான். போகப்போகச் சரியாகும் என்கிறார்கள். சரியாகாவிட்டால் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

எலாடியோ வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தீயணைப்புக்காரர்கள் கருவி வைத்து அளந்துவிட்டார்களாம். அடுக்கிய கற்களின் இடுக்கு வழியாகத்தான் வந்திருக்கிறது. "நீங்க வந்து கேட்டீங்களே" என்றார். "அன்னிக்கே நான் சுவரைப் போய்ப் பாத்திருக்கணும்." இதுவரை 'பொண்ணே' என்றுதான் கூப்பிடுவார். இன்று 'நீங்க' என்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அபிலியோ அவரைப் பார்த்து, "மோசமான ஒயினா வந்திருந்தா மன்னிக்கமாட்டேன்" என்றான். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி. எலாடியோ அழுதுவிட்டார்.

அக்டோபர் 24, வியாழன்

டாக்டர் இந்த நோட்டை முழுக்கப் படித்தார். அக்டோபர் ஐந்து பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"அந்தக் காத்து உடம்புல போனாலும் இதே மாதிரிதான் இருக்கும். நெஞ்சு அடிக்கும், மூச்சு வாங்கும், வேர்க்கும்" என்றார். "நான் இதைக் கேட்டிருக்கணும், ஒலிவா. எங்க குனிஞ்சீங்கன்னு கேட்டிருக்கணும்."

"அப்போ எது பயம், எது காத்து?"

"அன்னிக்கு வந்தது காத்து."

"கதவுல நின்னது?"

டாக்டர் நோட்டை மூடினார். மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், லிஃப்ட் இன்னும் லிஃப்டாகத்தான் இருக்கிறது. வரும்போதும் படியில்தான் ஏறி வந்தேன்.

நவம்பர் 2, சனி

இன்றும் மரிக்ரூஸ் பேசவில்லை. ஒரே சமையலறை, ஒரே பாத்திரம். "உப்பு எடு"கூட அபிலியோ வழியாகத்தான் வருகிறது. அவனுக்கோ உப்பு என்ற வார்த்தை வர நேரமாகிறது. நாங்கள் இரண்டு பேரும் காத்திருக்கிறோம்.

நவம்பர் 11, திங்கள்

சான் மார்த்தின். புது ஒயினைத் திறந்து சுவைக்கும் நாள். இடுக்குகளையெல்லாம் சிமெண்டு வைத்துப் பூசியாயிற்று, எலாடியோவின் தொட்டி கொதித்து அடங்கி இரண்டு வாரம் ஆகிறது, மின்விசிறிக்கு நிறுத்தும் விசையே இப்போது கிடையாது. காற்றை அளக்கும் கருவி ஒன்று வாங்கியிருக்கிறோம், கைக்கடக்கமானது, மோசமானால் கத்தும். சோரியாவிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். அன்றைக்குப் பிறகு முதல் கூட்டம்.

அபிலியோ வரவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். நிலவறைப் பக்கம் முதுகைக் காட்டி.

கம்பிக் கதவில் புதிதாக ஒரு பலகை. மரிக்ரூஸின் கையெழுத்து, அவளுடைய பெரிய பெரிய எழுத்துகள். 'அக்கம்பக்கத்தில் சாறு கொதிக்கும் நாட்களில் நிலவறை மூடப்படும். திறக்கலாமா என்பதை ஒலிவா சொல்வார்.' எப்போது மாட்டினாள் என்று தெரியாது. என்னிடம் சொல்லவில்லை.

சோரியாக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு மரிக்ரூஸிடம் கேட்டார். "யாருங்க ஒலிவா? இங்க ஒயின் போடறவரா?"

"இல்ல, என் தம்பி பொண்டாட்டி" என்றாள். "எங்க வீட்டுல எங்களுக்கெல்லாம் சேத்துப் பயப்படறதுக்குன்னு ஒருத்தி வேணும். அவதான்."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு, அந்த ஆறு பேரையும் கையால் தடுத்து, ஓரமாக ஒதுங்கி நின்றாள். நான் கருவியை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினேன்.